வாசல் வளையம் பத்தே நாளில் உதிர்ந்துவிட்டது: இலையுதிர்கால அலங்காரமும் பழம்பொருள் சந்தையும் குறித்துச் சில ஐயங்கள்

கதவோரம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற இலையுதிர்காலத்தில் முதன்முறையாக என் கையாலேயே வாசற்கதவுக்கு ஓர் அலங்கார வளையம் செய்தேன். (மலர்வளையம் என்று எழுதினால் நம் மொழியில் துக்க வீட்டு நினைவு வந்துவிடுகிறது, ஆகவே வாசல் வளையம் என்றே எழுதுகிறேன்.) மழை விட்ட ஒரு மாலையில் மரத்தடியில் கிடந்த மேப்பிள் இலைகளையும் ஓக் இலைகளையும் பொறுக்கி வந்து, அன்றிரவே பசைத் துப்பாக்கியால் ஒரு கொடி வளையத்தின்மேல் ஒட்டி முடித்தேன். மறுநாள் காலையில் பார்த்தபோது, கடையில் வாங்கியது என்று சொன்னாலும் நம்பும்படி இருந்தது. மூன்றாம் நாள் இலைகளின் ஓரங்கள் உள்நோக்கிச் சுருளத் தொடங்கின. பத்தாம் நாள் யாரோ கதவை அறைந்து சாத்தியபோது பாதி இலைகள் பொடியாகத் தரையில் கொட்டின. வளையத்தில் மிஞ்சியவை உலர்ந்த பசைக் குமிழ்கள்தாம்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் அழகாக நிரப்பி அலமாரியில் வைத்திருந்த ஓக் கொட்டைகளிலிருந்து வெள்ளைப் புழுக்கள் வெளியேறி, அலமாரியின் விளிம்பில் ஊர்ந்துகொண்டிருந்தன. அதன்பின் வீட்டிலுள்ளவர்கள் என் கைவேலையை எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த ஆண்டு சற்று முறையாகச் செய்ய விரும்புகிறேன். எங்கள் பகுதியில் இன்னும் இரண்டு வாரத்தில் பழம்பொருள் சந்தை கூடுகிறது. அங்கே போய் உலாவுவதே எனக்குப் பெரும் மகிழ்ச்சி என்றாலும், வாங்குவதில் இதுவரை ஏமாந்த கதைகளே அதிகம். ஒருமுறை வாங்கிய கண்ணாடிச் சாடி எத்தனை முறை கழுவியும் பால்போல் மங்கலாகவே இருக்கிறது. ஒரு பிரம்புக் கூடை வைத்த இடத்திலெல்லாம் மாவுபோன்ற தூளை உதிர்க்கிறது.

இலைகளை நிறமும் வடிவமும் கெடாமல் குறைந்தது ஒரு மாதமாவது வைத்திருக்க என்ன செய்ய வேண்டும்? கொட்டைகளையும் பைன் கூம்புகளையும் புழு வராமல் எப்படிப் பக்குவப்படுத்துவது? சந்தையில் இந்தக் காலத்து அலங்காரத்துக்கென்று எதை வாங்கலாம், வாங்குமுன் எதைச் சோதிக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சருகுசேகரி எழுதியது:

வணக்கம் நண்பரே. பசையின்மேல் பழி போட வேண்டாம். ஈரம் காயாத இலையை ஒட்டியதுதான் பிழை. இலையின் நரம்புகள் விறைப்பானவை, இடையிலுள்ள பகுதி மென்மையானது. காயும்போது மென்மையான பகுதி சுருங்குகிறது, நரம்பு அவ்வளவாகச் சுருங்குவதில்லை. அந்த இழுபறியில்தான் இலை கிண்ணம்போல் குவிகிறது. ஆகவே சுருங்குவதைத் தடுக்க முடியாவிட்டாலும், சுருங்கும்போது தட்டையாகவே இருக்கும்படி பாரத்தின்கீழ் வைத்துக் காயவைக்க வேண்டும்.

இலைகளைத் துணியால் ஒற்றி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் செய்தித்தாளில் பரப்பி, மேலே மீண்டும் செய்தித்தாள் வைத்து, கனத்த புத்தகங்களை ஏற்றுங்கள். வழவழப்பான பத்திரிகைத் தாள் வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சாது. மறுநாளே தாளை மாற்ற வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதல் நாளில்தான் பெரும்பாலான ஈரம் வெளிவருகிறது. அந்தத் தாளை அப்படியே விட்டால் இலையில் கரும்புள்ளி விழும், சில வேளை பூஞ்சையும் பிடிக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு முறை மாற்றினால் போதும். பத்து நாளில் ஆகிவிடும். ஆகிவிட்டதா என்று பார்க்க இலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

இப்படி அழுத்தியெடுத்த இலை சட்டத்துக்குள் வைக்க மிக ஏற்றது. ஆனால் கதவு வளையத்துக்கு உதவாது, ஏனென்றால் அது அப்பளம்போல் நொறுங்கும். கதவுக்கு வேண்டுமென்றால் மெழுகு, கிளிசரின் என்று இரண்டு வழிகள் இருக்கின்றன.

மெழுகு வழி எளிது. தேன்மெழுகு ஏறக்குறைய 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும். அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, அதனுள் மெழுகுப் பாத்திரத்தை இறக்கி உருக்குங்கள். மெழுகை நேரடித் தீயில் ஒருபோதும் வைக்காதீர்கள். தவறித் தீப்பிடித்தாலும் மூடியால் மூடி அணைக்க வேண்டுமே தவிர, தண்ணீர் ஊற்றவே கூடாது. அழுத்தி உலர்த்திய இலையைக் காம்பில் பிடித்து, ஒரே மூச்சில் முக்கி எடுத்து, மேலாகச் சொட்டவிட்டு, கயிற்றில் கவ்விபோட்டுத் தொங்கவிடுங்கள். மெழுகு மிகச் சூடாக இருந்தால் இலை வறுபட்டுச் சுருங்கும். ஆறிப்போயிருந்தால் வெள்ளையாகத் தடித்துப் படியும். முதல் நான்கைந்து இலைகளைப் பழகுவதற்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது. அந்தப் பாத்திரம் அதன்பின் சமையலுக்குத் திரும்பாது என்பதையும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கிளிசரின் வழி சற்றுப் பொறுமையைக் கேட்கும். ஆனால் அதில் பதப்படுத்திய இலை தோல்போல் வளையும், நொறுங்காது. இலையிலிருந்து நீர் ஆவியாகிப் போன இடத்தைக் கிளிசரின் நிரப்பிக்கொள்கிறது. அது நீரைப்போல் ஆவியாகிவிடுவதில்லை. ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, தட்டையான தட்டில் ஊற்றி, இலைகளை முழுவதும் மூழ்கும்படி பரப்பி, மேலே இன்னொரு தட்டைப் பாரமாக வையுங்கள். மூன்று முதல் ஆறு நாளில் இலை குழைந்து வரும். பிறகு சோப்பு நீரில் மெல்ல அலசி ஒற்றி எடுக்கலாம். நிறம் ஓரளவு மாறும்: மஞ்சள் பழுப்பாகும், சிவப்பு அடர்ந்து ஒயின் நிறத்துக்குப் போகும். அது எனக்குப் பிடிக்கும். எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

முழுக் கிளையையே பதப்படுத்த விரும்பினால் அதற்கொரு காலக்கெடு இருக்கிறது. இலைகள் நிறம் மாறத் தொடங்குமுன், கோடையின் கடைசியிலேயே கிளையை வெட்டிவிட வேண்டும். நிறம் மாறும் காலத்தில் மரம் இலைக்காம்பின் அடியில் ஒரு பிரிபடலத்தை உண்டாக்கி, நீர் செல்லும் குழாய்களை அடைத்துவிடுகிறது. இலை உதிர்வதே அந்த இடத்தில்தான். அடைபட்ட பிறகு கிளையை எவ்வளவு நாள் கிளிசரினில் நிறுத்தினாலும் இலைக்கு அது ஏறாது. பச்சைக் கிளையின் அடியை ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குப் பிளந்து, அதே கலவையைச் சூடாக ஊற்றி நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் ஏறிவிடும். இலை ஓரத்தில் வியர்வைபோல் துளிகள் அரும்பினால் அளவு மீறிவிட்டது என்று பொருள், உடனே எடுத்துவிடுங்கள். பீச், ஓக் போன்ற தடித்த இலைகள் இதற்குச் சிறந்தவை. மேப்பிள் இலை மெல்லியது. அதற்கு மெழுகே பொருத்தம்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மஞ்சளும் ஆரஞ்சும் இலையில் முன்பிருந்தே இருப்பவை. பச்சையம் சிதைந்தபின் அவை கண்ணுக்குத் தெரிகின்றன. சிவப்பு பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் இலைக்குள் தங்கிய சர்க்கரையிலிருந்து புதிதாக உருவாகும் ஆந்தோசயனின். நேர் வெயில் பட்டால் சிவப்பு விரைவாக மங்கும். ஆகவே வெயில் விழும் கதவென்றால் சிவப்பை நம்பி வளையம் கட்டாதீர்கள்.

ஓக் கொட்டைக்கு வருகிறேன். நீங்கள் கண்டவை ஒருவகைக் கூன்வண்டின் புழுக்கள். கொட்டை மரத்தில் இருக்கும்போதே தாய்வண்டு துளையிட்டு முட்டையிட்டுவிடுகிறது; புழு உள்ளேயே வளர்ந்து, பிறகு வட்டமான துளையிட்டு வெளியே வருகிறது. கொட்டைகளைத் தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றை எறிந்துவிடுங்கள். அவற்றில்தான் புழு தின்ற வெற்றிடம் இருக்க வாய்ப்பு அதிகம். மூழ்கியவற்றைத் துடைத்து, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, 80 முதல் 90 பாகையில் ஒரு மணி நேரம் போல ஓவனில் வைத்து, நடுவில் ஓரிரு முறை புரட்டுங்கள். காய்ந்ததும் கொட்டை சுருங்கித் தொப்பி தனியே கழன்றுவிடும். ஒரு சொட்டுப் பசையில் ஒட்டிக்கொள்ளலாம்.

தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயை இலைமேல் அடித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நான் அடித்துப் பார்த்திருக்கிறேன். தூசி ஒட்டியதைத் தவிர வேறு பயன் காணவில்லை.

பித்தளைக்குவளை எழுதியது:

சருகுசேகரி ஐயா மரத்தடியைப் பார்த்துக்கொண்டார். நான் சந்தைப் பக்கம் வருகிறேன். பல ஆண்டுகளாகப் பழம்பொருள் சந்தைகளில் அலைந்து, வீட்டில் இடமில்லாமல் திட்டு வாங்கிக்கொண்டிருப்பவள் என்ற தகுதியில் சொல்கிறேன்: சந்தையில் அலங்காரத்தை வாங்காதீர்கள், அலங்காரத்தைத் தாங்கும் பொருளை வாங்குங்கள். யாரோ ஐந்து ஆண்டு மாட்டிவைத்து வெளிறிப்போன துணி இலைகளும் பிளாஸ்டிக் பூசணிகளும் எல்லாக் கடையிலும் குவிந்திருக்கும். அவற்றைக் கடந்து போனால் சாடி, கூடை, படச்சட்டம், மரப்பெட்டி, விளக்குக் கூண்டு எல்லாம் கிடைக்கும். இலையும் கொட்டையும் ஆண்டுதோறும் மாறும். இவை நிலைத்து நிற்கும்.

புறப்படும்போது பையில் ஒரு சிறு காந்தம், அளவு நாடா, கைவிளக்கு, பழைய செய்தித்தாள், சில்லறை ஆகியவை இருக்கட்டும். வளையம் மாட்டும் கதவின் அகலத்தையும், பொருள் வைக்கப்போகும் அலமாரியின் ஆழத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சந்தையில் எதைப் பார்த்தாலும் வீட்டில் இடமிருப்பதாகவே தோன்றும். நல்ல பொருள் வேண்டுமென்றால் விற்பவர்கள் பெட்டியைப் பிரிக்கும் விடியற்காலையில் போக வேண்டும். விலை குறைய வேண்டுமென்றால் அவர்கள் மீண்டும் கட்டத் தொடங்கும் நேரத்தில் போக வேண்டும். இரண்டும் ஒரே நாளில் வாய்ப்பதில்லை.

உங்கள் சாடியின் கதை எனக்கும் நடந்திருக்கிறது. கண்ணாடியில் இரண்டு வகை மங்கல் உண்டு. தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு படிந்ததென்றால் வினிகரில் ஊறவைத்தாலே போய்விடும். நீண்ட காலம் தண்ணீர் நின்று கண்ணாடியின் பரப்பே அரித்துப்போயிருந்தால் எதற்கும் போகாது. மெருகேற்றுபவரிடம்தான் கொடுக்க வேண்டும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அரித்துப்போன கண்ணாடியும் ஈரமாக இருக்கும்வரை பளிச்சென்றே தெரியும். ஆகவே ஈரமாகவோ எண்ணெய் தடவியதுபோலவோ தெரியும் சாடியைத் துடைத்து, காயவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள். விளிம்பைக் கண்ணால் பார்ப்பதைவிட விரல்நுனியால் மெல்லச் சுற்றி வருவது நல்லது. சிறு சிதைவுகூடத் தட்டுப்படும். காய்ந்த தண்டுகளை மட்டும் வைக்கப்போகிறீர்கள் என்றால் மங்கலான சாடியும் பழுதில்லை. உங்களிடம் இருப்பதை எறிய வேண்டாம்.

பீங்கானையும் மண்பாண்டத்தையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. தொப்பென்று மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ ஓடுகிறது. மேற்பூச்சில் மட்டும் சிலந்திவலைபோல் நுண்கோடுகள் இருக்கும் பாண்டம் பார்வைக்கு அழகுதான். ஆனால் அதில் தண்ணீர் ஊற்றினால் கசியக்கூடும்.

கூடை உதிர்க்கும் தூள் உளுத்துப்போன மரத்தூள். பிரம்பு, மூங்கில், மரம் எதுவானாலும் கவிழ்த்து, அடிப்புறத்தைக் கைவிளக்கில் பாருங்கள். பழைய துளையின் உட்புறம் அழுக்கேறிக் கறுத்திருக்கும். புதுத் துளை வெளுத்திருக்கும், தட்டினால் தூள் விழும். புதுத் துளை உள்ளதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள், பக்கத்திலிருக்கும் நாற்காலிக்கும் அது பரவும். ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்ட கூடையைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, 18 பாகை உறைநிலைக்குக் கீழே குளிரும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்த பிறகு அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைப் பிரிக்கக் கூடாது. வேர்க்கும் நீர் பையின் வெளிப்புறத்தில் படியட்டும், கூடையில் படிய வேண்டாம். துணியும் பஞ்சும் உள்ள பொருள்களுக்கும் இதே எச்சரிக்கைதான். இந்தச் சந்தைகளுக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயருக்குப் பொருளே தெள்ளுப்பூச்சிச் சந்தை. பழைய மெத்தைகளிலும் துணிகளிலும் பூச்சி இருந்ததால் வந்த பெயர் என்பதே பரவலான விளக்கம்.

பித்தளை, செம்பு என்று சொல்லப்படுவதில் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். ஒட்டாவிட்டால் நம்பி வாங்கலாம்.

படச்சட்டம்தான் என் முதல் பரிந்துரை. உள்ளே என்ன படம் இருக்கிறது என்று பார்க்காமல் மரத்தையும் மூலை இணைப்பையும் மட்டும் பாருங்கள். மூலை ஆடாமல் இருந்தால் போதும், கண்ணாடி உடைந்திருந்தால் இன்னும் நல்லது, விலை இறங்கும். அழுத்திய இலையை வைக்கும்போது இலைக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டையால் ஓர் இடைவெளி விடுங்கள். கண்ணாடியில் வேர்க்கும் ஈரம் இலையில் படாது.

இன்னொரு பொருளும் சில வேளை கண்ணில் படும். அச்சகங்களில் ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைத்த மரத்தட்டு அது. ஒவ்வொரு சிறு அறையிலும் ஒரு கொட்டை, ஒரு விதை, ஒரு சிறு கூம்பு என்று அடுக்கிச் சுவரில் மாட்டினால், அந்தப் பருவம் முழுவதையும் ஒரே தட்டில் பார்க்கலாம். அச்செழுத்து ஈயமும் வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்த உலோகம் என்பதால் அறைகளில் ஈயத்தூள் தங்கியிருக்கும். கையுறை போட்டு ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைத்தெடுங்கள், காய்ந்த தூரிகையால் தூசு கிளப்ப வேண்டாம். வண்ணம் உரியும் பழைய மரப்பொருளையும் அப்படித்தான் நடத்த வேண்டும். பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூளைத்தான் மூச்சில் இழுப்போம்.

பேரத்தைப் பற்றி ஒரே சொல்: பொருளைக் குறைகூறி விலையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். இரண்டு மூன்றைச் சேர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள்.

ஈரக்கூம்பு எழுதியது:

பித்தளைக்குவளை அம்மா சொன்னதில் ஒரு சிறு திருத்தம். காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் பித்தளை என்று முடிவுகட்ட முடியாது. துத்தநாகக் கலவையில் வார்த்துப் பித்தளை முலாம் பூசிய சிலைகளும் விளக்குத்தண்டுகளும் ஏராளம். துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது. அடிப்புறத்தில் முலாம் தேய்ந்த இடத்தைப் பாருங்கள்: மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால் துத்தநாகம். நானும் ஒரு மெழுகுவத்தித் தாங்கியைக் காந்தத்தை நம்பி வாங்கியவன்தான்.

பைன் கூம்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கூம்பின் செதில் ஒவ்வொன்றும் இரண்டு அடுக்கால் ஆனது. ஈரம் பட்டால் வெளியடுக்கு அதிகமாக உப்பி, செதில் உள்நோக்கி மூடிக்கொள்கிறது, காய்ந்தால் விரிகிறது. கூம்பு மரத்திலிருந்து விழுந்து உயிரற்றுப் போன பிறகும் இது நடக்கும், ஏனென்றால் அது வெறும் ஈரத்தின் வேலை. மழையில் பொறுக்கிய மூடிய கூம்பைக் கண்டு ஏமாற வேண்டாம். கழுவி, தட்டில் படலத்தாள் விரித்து, 90 பாகையளவில் அரைமணி முதல் முக்கால் மணி நேரம் வைத்தால் பூப்போல விரியும், உள்ளிருக்கும் பூச்சியும் சாகும், பிசினும் உருகி மெல்லிய பளபளப்பாகப் படியும். அடுப்பை விட்டு நகராதீர்கள், பிசின் எரியக்கூடியது.

அடிப்படையில் ஒன்றில் நான் மாறுபடுகிறேன். எல்லாவற்றையும் ஒரு மாதம் அசையாமல் நிறுத்திவைக்க வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்? கொடி வளையத்தை மட்டும் நன்றாகக் கட்டிவைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை மரத்தடிக்குப் போய் அன்றைக்குக் கிடைப்பதைச் செருகினால், முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, கடைசியில் வெறும் கூம்பும் காய்ந்த விதைத்தலையும் என்று வளையமும் பருவத்தோடு சேர்ந்து மாறும். பசையே தேவையில்லை, மெல்லிய கம்பியால் ஐந்தாறு தண்டுகளை ஒரு கொத்தாகக் கட்டி, ஒரே திசையில், முந்தைய கொத்தின் கம்பியை அடுத்த கொத்தின் இலை மறைக்கும்படி சுற்றிவந்தால் போதும். பழையதை உருவவும் எளிது.

செருகுவதிலும் சில எச்சரிக்கைகள். சம்பங்கோரையின் பழுப்புக் கதிரைப் பருவத்தின் தொடக்கத்திலேயே வெட்டிவிட வேண்டும். முற்றியதை வெட்டி வந்து வெதுவெதுப்பான அறையில் வைத்தேன், ஓர் இரவில் வெடித்து அறை முழுவதும் பஞ்சாய்ப் பறந்தது. செலாஸ்ட்ரஸ் கொடியின் ஆரஞ்சுக் காய்கள் வளையத்துக்கு மிக அழகானவை. ஆனால் கிழக்காசியாவிலிருந்து வந்த இனம் வேறு நிலங்களில் மரங்களைச் சுற்றி நெரிக்கும் களைக்கொடியாகிவிட்டது. பறவைகள் காயைத் தின்று விதையைப் பரப்பிவிடும். வாசலில் தொங்கவிடுவதும் பழையதை உரக்குழியில் போடுவதும் அதற்கு உதவி செய்வதாகவே முடியும். குழந்தைகளோ வளர்ப்பு விலங்குகளோ உள்ள வீட்டில் யூ மரக்கிளை வேண்டவே வேண்டாம். அதன் விதையும் இலையும் கடும் நஞ்சு.

பூசணியைச் செதுக்கினால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். செதுக்காமல் காம்போடு வைத்தால், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் இரண்டு மாதம்கூட இருக்கும். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். காம்பு ஒடிந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். மரமேசைமேல் நேரடியாக வைக்காமல் கீழே ஒரு தட்டு வையுங்கள். காய்ந்த இலைகளுக்கு நடுவே மெழுகுவத்தி ஏற்றுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. மின்கல விளக்குகள் எதற்கு இருக்கின்றன?

கதவோரம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓர் ஐயம் மட்டும் மிச்சம். ஐயா, கிளிசரினில் ஊறிய இலைகளை எடுத்து நான்கு நாள் ஆகிவிட்டது. இன்னும் கையில் பிசுபிசுக்கிறது. அப்படியே வளையத்தில் கட்டலாமா?

சருகுசேகரி எழுதியது:

வேண்டாம். அலசியது போதவில்லை. வெதுவெதுப்பான சோப்பு நீரில் இன்னொரு முறை அலசி, பழைய துண்டுக்கு நடுவே வைத்து ஒற்றி, காற்றாட இரண்டு நாள் விடுங்கள். ஈரப்பதம் மிகுந்த இடமென்றால் கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மீண்டும் கசியும். அப்படியானால் அந்த இலைகளைக் குளியலறைப் பக்கமோ சமையலறைப் பக்கமோ வைக்காதீர்கள். ஈரக்கூம்பு நண்பர் சொன்ன வாராவாரம் மாற்றும் முறையும் நல்லதே; எனக்குக் குனிந்து பொறுக்க முதுகு ஒத்துழைப்பதில்லை, அவ்வளவுதான்.

கதவோரம் எழுதியது:

சந்தைக்குப் போய்வந்தேன், வளையமும் கட்டிவிட்டேன். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

முதல் சுற்றில் எதையும் தொடுவதில்லை என்ற உறுதியோடு போனேன். நான்காவது கடையிலேயே அது உடைந்தது. பளபளக்கும் ஒரு செம்புக் குடத்தில் காந்தத்தை வைத்ததும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. விற்பவரும் பார்த்தார், நானும் பார்த்தேன், இருவரும் ஒன்றும் பேசவில்லை. குடத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்தேன். அதற்கடுத்த கடையில் கண்ணாடி உடைந்த மூன்று படச்சட்டங்களைச் சேர்த்து எடுத்து, அம்மா சொன்னபடியே கேட்டேன். நான் எதிர்பார்த்ததில் பாதிதான் சொன்னார். ஒன்றின் பின்புறத்தில் வெளுத்த துளைகள் இருந்ததைக் கைவிளக்கில் பார்த்து, அதை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

அச்செழுத்துத் தட்டு கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஆணிகளும் திருகுகளும் போட்டுவைக்கும் பழைய மரப்பெட்டி ஒன்று கிடைத்தது. பதினாறு அறைகள், இரண்டில் தடுப்பு இல்லை. ஈரத்துணியால் துடைத்து, ஓவனில் காய்ந்த ஓக் கொட்டைகளை அடுக்கியிருக்கிறேன். மிதக்கவிட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிதந்தது; ஒன்றை உடைத்தேன், உள்ளே அந்தப் பழைய நண்பர் சுருண்டு படுத்திருந்தார். தடுப்பில்லாத இரண்டு அறைகளில் பெரிய பைன் கூம்பு ஒவ்வொன்று. பெட்டியை முதலில் கெண்டிக்கு அருகே மாட்டிவிட்டேன். மாலைக்குள் இரண்டு கூம்பும் மூடிக்கொண்டன. நடைவழிக்கு மாற்றியதும் மறுநாள் விரிந்தன. வீட்டிலுள்ளவர்கள் இப்போது கூம்பைப் பார்த்துத்தான் துணி உலர்த்துவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்.

வளையத்தில் மெழுகில் முக்கிய மேப்பிளும் கிளிசரினில் பதப்படுத்திய ஓக்கும் கலந்து, கொத்துக் கொத்தாகக் கம்பியால் கட்டியிருக்கிறேன். ஒரு கால்பகுதியை மட்டும் வெறுமையாக விட்டு, அங்கே வாரம் ஒருமுறை புதியதைச் செருகுகிறேன். இரண்டு கட்சியிலும் சேர்ந்துகொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று பத்தொன்பதாம் நாள். காலையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கதவை இருமுறை ஓங்கி அறைந்து சாத்திப் பார்த்தேன். ஒரே ஓர் இலை விழுந்தது. அவசரத்தில் மெழுகில் முக்காமல் செருகிய இலை அது.